துரை வீசிய தூண்டில்

தூண்டில் முள் என் காதில் ஏறியதும் முதலில் கத்தியது நானல்ல, துரை.

கம்பைப் பின்னால் வீசி முன்னால் சுண்டியவர், நூல் வராமல் நிற்கவும், ஏதோ கிளையில் மாட்டிவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் வெட்டி இழுத்தார். அந்த இழுப்பில் முள் நன்றாகவே இறங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தார். கம்பைக் கல்மேல் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையேறி ஓடி வந்தார்.

பதினொரு வருஷமாக ஞாயிறு தவறாமல் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் இந்த வெள்ளைக்காரருக்குத் தூண்டில் பெட்டி சுமக்கிறேன். துரை எனக்காக ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆடாத சோலமலை, ஆடாத" என்றார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

துரையின் தூண்டில் நம்முடையதைப் போல அல்ல. நாம் மண்புழுவைக் கோத்துப் போட்டால் அரைமணி நேரத்தில் குழம்புக்கு மீன் வந்துவிடும். துரைக்கு அது கேவலம். காட்டுச்சேவல் இறகைப் பட்டுநூலால் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, தண்ணீர்மேல் பறக்கவிடுவார். மீனும் அதை நம்ப வேண்டும். காலையிலிருந்து ஒரு மீனும் நம்பவில்லை.

அன்றைக்கு எனக்கு மீன் பட்டே ஆக வேண்டியிருந்தது.

விடிந்தால் திங்கட்கிழமை. மத்தியானத்துக்குள் என் தங்கை நாகலெட்சுமி தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா அறையைக் காலி செய்ய வேண்டும். அவள் புருஷன் இராமையா, எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்து நாலு வார்த்தை பேசிவிட்டான். நியாயமான நாலு வார்த்தைதான். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாதவனுக்குக் காம்பராவும் இல்லை.

அவளுக்கு ஒன்பதாம் மாதம். நிறைமாதக்காரியை இந்த மழையில் லொறியில் ஏற்றி எங்கே கொண்டுபோய் இறக்குவது? பிள்ளை பிறக்கிறவரை தவணை கிடைத்தால் போதும். அதற்குமேல் எதையும் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

ஆபீசில் போய்க் கேட்கலாம்தான். அங்கே துரைக்குப் பக்கத்தில் கண்டாக்கையா நிற்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் அவரே நிற்பார். அவர் இல்லாத ஒரே இடம் இந்த ஆறு.

ஆற்றிலும் ஒரு சட்டம் உண்டு. மீன் படும்வரை யாரும் துரையிடம் வாய் திறக்கக்கூடாது. பட்டுவிட்டால் மனிதர் குழந்தை. பாண் ரொட்டியையும் இறைச்சியையும் பாதி பிட்டு நமக்கும் நீட்டுவார். படாவிட்டால் பெட்டியை மூடச் சொல்லி ஜீப்பில் ஏறிவிடுவார். வீடு போய்ச் சேரும்வரை அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

அன்று மீன் படவில்லை. நான் பட்டிருந்தேன்.

அந்த முள்ளின் முனையில் பின்னோக்கி ஒரு சின்னக் கூர் இருக்கும். வந்த வழியே இழுத்தால் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். துரை என்னைக் கல்லில் உட்காரவைத்தார். காதுமடலில் பிராந்தியை ஊற்றினார். முள்ளை மேலும் உள்ளே தள்ளி, மறுபக்கம் எட்டிப் பார்த்த கூரைக் குறட்டால் நறுக்கி, மிச்சத்தை உருவினார். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. தெரிந்த சாமியையெல்லாம் மனதுக்குள் கூப்பிட்டேன்.

தன் கைக்குட்டையை மடித்து என் காதில் வைத்து அழுத்தினார். என் சட்டைக் கழுத்தெல்லாம் இரத்தம். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் வெளுத்தது.

"மன்னிச்சுக்க" என்றார்.

அந்த வார்த்தையை ஒரு துரை தமிழில் படித்து வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஒனக்கு என்ன வேணும்? கேளு."

ஒரு நாள் லீவு கேட்பேன், அல்லது போத்தலில் மிச்சமிருந்ததைக் கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"தங்கச்சி நாகலெட்சுமிக்கு மாசம் ஒம்பதுங்க தொரை. புள்ள பொறக்குற வரைக்கும் அந்தக் காம்பராவுலயே இருக்கட்டுங்க. ஒரு மாசம் போதுங்க."

துரை ஆற்றைப் பார்த்தார். நாளைக் காலையில் கண்டாக்கையாவின் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்தார். பட்ட மீனின் நீளத்தையும் நிறையையும் எழுதிவைக்கிற புத்தகம். ஒரு தாளைக் கிழித்து, இங்கிலீசில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மாதம்.

நான் அழுதுவிட்டேன். காது வலியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று காதைப் பிடித்துக்கொண்டேன்.

துரை நூலைச் சுற்றிக் கம்பைக் கழற்றினார். நான் பெட்டியைத் தூக்கினேன். ஜீப் நிற்கும் இடத்துக்கு மானாப் புல்லுக்குள் ஒற்றையடிப் பாதை. அவர் முன்னால், நான் பின்னால். தாளைச் சட்டைக்குள் வைத்து, மழையில் நனையாமல் ஒரு கையால் பொத்திக்கொண்டேன். நாகலெட்சுமியிடம் போய் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்தபடியே நடந்தேன்.

பாதி வழியில் துரை நின்றார். திரும்பவில்லை.

"நீ எப்பவும் என் எடது பக்கந்தான் நிப்ப. இன்னைக்கு ஏன் தூண்டி வர்ற பக்கம் வந்து நின்ன?"

நானும் நின்றேன். தாளின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.



"அடுத்த ஞாயிறு பழைய எடத்துலயே நில்லு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"சரிங்க தொரை" என்றேன்.