தனிச் சவாரிக்கு இரண்டு பேர்

எதிர்வீட்டுக் கலைச்செல்வன் சார் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போய், ஆறு மணி நேரத்துக்குள் சைக்கிளில் திரும்பிவிட்டார். நூற்றைம்பது கிலோமீட்டர். துணைக்கு ஆள் வரக்கூடாது என்பது போட்டி விதி. சாட்சிக்கு வழியில் மூன்று டீக்கடைகளில் அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவ்வளவும் ஒரு மெடலுக்கு.

கேட் வாசலிலேயே அட்டையை வாங்கிப் பார்த்தேன். அரியலூர்க் கடைக்காரர் ‘7.15, இரண்டு பேர்’ என்று எழுதியிருந்தார். மற்ற இரண்டு கடைகளிலும் இரண்டு பேர்தான்.

சார் முகம் வாடிவிட்டது. “மெடல் போச்சு. அக்கா, காலையில கோலம் போட்டுக்கிட்டே பாத்தீங்கள்ல, தனியாத்தான போனேன்?”

தனியாகத்தான் போனார். ஆனாலும் அந்த இரண்டாவது ஆள் பெண்ணாக இருந்தால் தேவலை என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் மனைவி சிவரஞ்சனிக்கும் அதே சந்தேகம் போல. அட்டையில் இருந்த உடையார்பாளையம் கடை நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஆமாங்கம்மா, ரெண்டு பேருதான். பின்னால வந்தவருக்கும் அதே மஞ்சச் சட்டை, சாரு ஜாடை அப்படியே. அண்ணன் தம்பிங்களா? டீ வேணாம்னுட்டாரு. சாரு கெளம்புனதும் ஒட்டுனாப்லயே போனாரு.”

சார் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அவர் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். சிவரஞ்சனி கேட்டை உடனே சாத்தவில்லை. இன்னொரு சைக்கிள் நுழையும் நேரம் வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

நானும் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.