வேலாயி என்றே எழுதுங்கள்

நோர்வூட் பதிவாளரின் மேசை மீது மழை வெளிச்சம் மங்கலாக விழுகிறது. சுலக்ஷனாவின் மடியில் பதினெட்டு நாள் பெண்குழந்தை தூங்குகிறது. "பேரு வேலாயி" என்கிறாள் அவள். பதிவாளரின் பேனா தயங்குகிறது. "அது கூலிக் காலத்துப் பேரு. பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. தினுக்ஷின்னு வைப்போம்" என்று கணவன் திலக்ஷன் காதோடு சொல்கிறான். "என் வகுப்புல நாலு சுலக்ஷனா இருந்தாங்க" என்கிறாள் சுலக்ஷனா. "தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன காலத்துல, எங்கப்பாவ இடுப்புல வச்சிக்கிட்டு, நானுஓயா ஸ்டேஷன்ல ரயிலேற மாட்டேன்னு உட்கார்ந்த வேலாயி அத்தை ஒருத்திதான்." "நல்லா யோசிச்சீங்களா?" என்கிறார் பதிவாளர். "பத்து மாசம் யோசிச்சேங்க." பேனா நகர்கிறது. திலக்ஷன் குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிறான். அவள் எழுந்து, படிவத்தை எட்டிப் பார்த்து, ஓர் எழுத்தின் மேல் விரலை வைக்கிறாள். "லாவுக்குக் கால் விட்டுட்டீங்க. போடுங்க."