நினிங் டீச்சரின் பச்சை வண்டி

"இதுவும் சரிப்படாது தம்பி." கொக்கியில் தொங்கிய கறுப்பு சைக்கிளை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் யாயாட். "சத்தமே சரியில்லை. கார்பன் ஃபிரேம்னா கிண்ணுன்னு கேக்கணும்."

கடைக்காரன் ஜஜாங் அதை இறக்கி அவர் கையில் கொடுத்தான். ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார், கனம் குறைவுதான். ஆனாலும் இந்த பிராண்டை நம்பலாமா, விரிசல் விட்டால் மாற்றித் தருவார்களா, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் நெளியுமா என்று குடைந்து எடுத்தார்.

"பாதி பிராண்டு ஒரே ஃபேக்டரில இருந்துதான் வருதாமே? மேல பேரை மட்டும் மாத்தி ஒட்டறாங்களாம்."

"நீங்க விக்கிற சட்டையும் எதிர்க்கடைச் சட்டையும் ஒரே மில்லுதானேண்ணே?"

"அதை வெளியில சொல்லித் தொலைக்காதே" என்றார் யாயாட்.

அவர் கவலை அவருக்கு. பாண்டுங்கிலிருந்து ஞாயிறுதோறும் லெம்பாங் மலைக்கு மிதிக்கும் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம். கடைசியாக மேலே வந்து சேருகிறவர்தான் அத்தனை பேருக்கும் கெட்டிலிலிருந்து சுடச்சுட பன்ட்ரெக் என்ற இஞ்சிப் பானம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மாதக்கணக்காக அந்தக் கெட்டில் யாயாட்டின் கையை விட்டு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, வருகிற ஞாயிறு நானும் வருகிறேன் மாமா என்று புது மருமகன் கிளம்பியிருந்தான்.

"மருமகன் முன்னால கெட்டிலும் கையுமா நின்னா என் மரியாதை என்னத்துக்கு ஆகும்?"

"உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களேண்ணே."

"ஊத்தறதுல என்னடா பக்குவம்? கிண்டலா?"

ஜஜாங் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெள்ளை சைக்கிள் ஒன்றைக் காட்டினான். யாயாட் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு பிராண்ட் மாற்றுகிறவருக்கு எதுவும் சுலபத்தில் பிடித்துவிடாது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு இதெல்லாம் வேணாம். நினிங் டீச்சரோட பச்சை வண்டி என்ன பிராண்ட்? அதைச் சொல்லு."

ஜஜாங் காதைச் சொறிந்தான்.

நினிங் டீச்சர் குழுவுக்குப் புதுசு. பாலர் பள்ளியில் வாண்டுகளை மேய்க்கிறவர், ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஆனால் ஏற்றம் வந்ததும், "மெதுவா வாங்கண்ணே, மலை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு யாயாட்டைத் தாண்டிப் போய்விடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் யாயாட்டுக்கு அவமானம் பிடுங்கித் தின்னும். அந்த வண்டியிலோ பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

"அவங்களுக்கு வித்தது நீதானே?"

"நான்தாண்ணே. பச்சை பெயின்ட் அடிச்சுக் குடுத்ததும் நான்தான்."

"போன வாரம் நைசாக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன்பா. என் கடை வாசல்ல ஒரே ஒரு சுத்து. அடேயப்பா! காலை வச்சதுதான் தெரியும், அதுபாட்டுக்குப் பறக்குது. என் ஜென்மத்துல அப்படி ஒரு வண்டியை ஓட்டினதில்லை."

"ஓட்டினதே இல்லையா?"

"சத்தியமா!"

ஜஜாங் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அந்த மாடல் இப்ப வர்றதில்லண்ணே."

"அப்ப டீச்சர்கிட்டயே பேசி வாங்கிக் குடு. என்ன விலை சொன்னாலும் சரி. நான் இப்ப வச்சிருக்கிறதையும் கூடச் சேர்த்துக் குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அது என் கைக்கு வந்தாகணும்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா? அதுலயும் ஏதாச்சும் குறை இருந்து, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"குறையா? அதுல குறை சொல்றவன் சைக்கிளையே தொடக் கூடாது!"

ஜஜாங் கையைத் துடைத்துக்கொண்டான். கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவர் காதோரம் குனிந்தான்.

"அது, ஓடவே மாட்டேங்குதுன்னு போன வருஷம் நீங்க என் தலையில கட்டிட்டுப் போன வண்டிதாண்ணே."