பீரோவில் ஓர் அருவி

படுத்த படுக்கையான பிறகு அமிர்தவல்லிக்கு உலகம் என்பது எதிரே இருந்த இரும்பு பீரோதான். கணவர் குணசீலன் சுற்றுலாக் குழுவோடு நாடு நாடாகப் போய்வந்து, அதன் கதவில் நாட்டுக்கொரு காந்தப் பொம்மையாக ஒட்டிவைப்பார். பனிமலை, புத்தர், காற்றாலை. "உனக்காகத்தான் போறேன் வல்லி. நீயும் பார்த்த மாதிரி ஆச்சுல்ல" என்பார். உடனிருந்து வல்லியைப் பார்த்துக்கொள்ளும் அவள் தங்கை பூங்கோதைக்கும், அவர் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு கோயில் வேண்டுதல் வந்துவிடும். அந்த நாட்களுக்கு ஒரு நர்ஸ் வருவாள்.

அன்று ஒட்டியது அருவி. பூங்கோதை அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க படகுல அருவிக்குக் கிட்டப் போனோம்" என்று ஆரம்பித்தவர், சொல்லச் சொல்ல முகம் மலர்ந்து, "அப்பப்பா, நாம தொப்பலா நனைஞ்சோமே" என்றார்.

அறையில் இருந்தது மூன்றே பேர். அமிர்தவல்லி நனையவில்லை.

கரண்டி பாதி வழியில் நின்றது.

"உனக்குத்தான் பச்சைத்தண்ணியே ஆகாதே பூங்கோதை. சளி பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாய்க் கஞ்சிக்காக அமிர்தவல்லி வாயைத் திறந்தாள்.