கூட்டத்துக்கு வராத காக்கை

புளியமரத்தில் ஏதோ ஒரு கூட்டில், குயிலொன்று காக்கை முட்டையைத் தள்ளி உடைத்துவிட்டுத் தன் முட்டையை இட்டுப் போய்விட்டது. எந்தக் கூடு என்று தெரியவில்லை. காக்கைகளுக்குத் தம் முட்டையே அடையாளம் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் கிடையாது.

உடனே கூட்டம் கூடியது.

"சந்தேகமான முட்டைகளை எல்லாம் தள்ளிவிடலாம் என்பவர்கள் சிறகைத் தூக்குங்கள்" என்றது கிழட்டுக் காக்கை.

எல்லாச் சிறகுகளும் எழுந்தன.

"நல்லது. யார் கூட்டில் தொடங்கலாம்?"

எல்லாச் சிறகுகளும் இறங்கின. சிலருக்கு அவசரமாக இறகு கோத வேண்டியிருந்தது.

"உச்சிக்கிளை அக்கா இன்னும் வரவில்லையே" என்றது ஓர் இளங்காக்கை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இரை தேடப் போயிருந்த உச்சிக்கிளைக் காக்கை திரும்பியபோது கூடு காலியாக இருந்தது. மரத்தடியில் ஓடுகள் சிதறிக் கிடந்தன.

"பயப்படாதே அக்கா, இனி உன் கூட்டுக்கு ஆபத்தில்லை" என்றது இளங்காக்கை.

"என் கூட்டில் குயில் முட்டை இருந்ததா?"

"இருந்திருந்தால், இப்போது இல்லை" என்றது கிழட்டுக் காக்கை.

உச்சிக்கிளைக் காக்கை மற்றக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேட்டது. "நான் முதல் ஆளாக வந்துவிடுகிறேன்."