பெயர் சொல்லி அழைத்த குற்றம்

"பெயர் பெய்ஷெனாலி. அப்பா சாரிபாய், தாத்தா கோய்லுபாய். வயது எழுபத்து மூன்று. தோலோன் கணவாயில் முப்பத்தொரு குளிர்காலம் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன்."

கல்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்று அறிவித்தார் பெரியவர். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கலாகாதென்பதால், நோயாளியின் கணவர் யாரென்று மருத்துவர் கேட்டபோது சோல்போன் தலைகுனிந்திருந்தாள்.

"உட்காருங்க ஐயா," என்றார் மருத்துவர் ஐனுரா. "அம்மாவுக்கு என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்று முந்திக்கொண்டாள் சோல்போன். "போன மாசம் விருந்தாளிங்க முன்னாடி மாமாவை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க. அதான் குத்தம். அன்னைக்கிலேருந்து அவங்க கூப்பிட்டா பதிலே கிடையாது. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார். என் வீட்டுக்காரர் தாலந்தை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடறேன். அவர் மானம் போயிடுச்சா?"



"நான் எங்கடி கூப்பிட்டேன்?" என்று சிரித்தாள் பெரியவரின் மனைவி ஜிபார்.

முக்காட்டைக் கழற்றிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் அவள் தலையில் கம்பிகள் தொங்கும் குல்லாவை மாட்டி, திரைக்கு முன் உட்காரவைத்தார்கள்.

"வலிக்காதும்மா. வெளிச்சம் எந்தப் பக்கம் வருதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க."

"பிடிக்காத சம்பந்தியைப் பார்க்கற மாதிரியா?"

"அதேதான்."

அரைமணி கழித்து மருத்துவர் தனியாக வெளியே வந்தார்.

"ஞாபகக் கேள்வி எல்லாத்துக்கும் சரியா சொல்லிட்டாங்க. ஆனா கண்ணு ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துப் பக்கமே ஓடுது. வேணாம்னு தன்னை நிறுத்திக்கற பிரேக் தேயுது. மூளையில எடுத்த அலையும் அப்படித்தான் இருக்கு. மறதி நோயோட ஆரம்பம்னு தோணுது. தலைநகர் பிஷ்கெக்ல பெரிய ஆஸ்பத்திரியில உறுதி பண்ணிக்கலாம். இவ்வளவு சீக்கிரம் யாரும் கூட்டிட்டு வர்றதில்ல. எப்படித் தெரிஞ்சுது?"

"பிரேக் தேஞ்சா, ஓட்டறவன் காலுக்குத்தான் முதல்ல தெரியும்," என்றார் பெரியவர்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"மானமெல்லாம் இல்லம்மா. அவ வாயால என் பேரை ஒரு தடவை கேட்டுடணும்னு நாப்பத்தொன்பது வருஷமா ஏங்கினவன் நான். கெஞ்சியும் பார்த்திருக்கேன். கணவாயில பனியில புதைஞ்சு ரெண்டு நாள் கழிச்சு உயிரோட வந்தப்பகூட, 'தாலந்தோட அப்பா'ன்னுதான் கட்டிக்கிட்டு அழுதா. அன்னைக்கே வராத பேரு, போன மாசம் ரொட்டி எடுத்து வைக்கும்போது சாதாரணமா வந்துடுச்சு. கேட்டதும் பயந்துட்டேன்."

"அப்புறம் ஏன் மாமா பதிலே சொல்லல?" சோல்போனின் குரல் இறங்கியிருந்தது.

"பதில் சொன்னா நெஜமாயிடும்னு நினைச்சேன்."

உள்ளிருந்து ஜிபாரின் குரல் கேட்டது.

"பெய்ஷெனாலி, என் முக்காட்டை எங்க வெச்சே?"

மருமகள் எழப்போனாள். பெரியவர் கையமர்த்தினார். மடியிலிருந்த முக்காட்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டார்.

ஒரு மாதமாகப் பதில் பெறாத அந்த அழைப்புக்கு, "இதோ வந்துட்டேன் ஜிபார்" என்று அவர் முதன்முதலாகக் குரல் கொடுத்தது, இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு அக்டோபர் பதினேழாம் நாள், வியாழக்கிழமை.