கேட்டில் ஊதியவர்

வேலைத்தளத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் கேட்டில் நின்று கருவியில் ஊதவேண்டும், குடித்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும் என்பது கம்பெனி சட்டம். கிரேன்காரருக்கு ஏற்கெனவே ஒரு தடவை எரிந்துவிட்டது. இன்னொரு தடவை எரிந்தால் வேலை போய்விடும். தெரிந்தும் அன்று காலை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வீட்டில் தடுக்க ஆளில்லை, பேசவும் ஆளில்லை.

முன்பெல்லாம் இப்படி வந்தால், கீழே கொக்கி மாட்டுகிற கூட்டாளி காவலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இவருக்கும் சேர்த்து ஊதிவிடுவார். "நான் சொட்டு தொடாதவன் மாப்ள. என் மூச்சுல உனக்குத்தான் லாபம்" என்பார். நுரையீரல் கெட்டு, மூச்சு வாங்கி வாங்கியே அவர் போய்ச் சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும்.

புதுக் காவலாளி கருவியை நீட்டினான். கிரேன்காரர் வாயைத் திறக்கவேயில்லை. அதற்குள் கருவி கீச்சிட்டது. பச்சை.

"சரியா இருக்குண்ணே, போங்க."

"நான் இன்னும் ஊதலையே தம்பி."

"ஊதினீங்களே, என் கையில காத்து பட்டுச்சே. ரொம்ப இரைக்குது உங்களுக்கு, உடம்பப் பாத்துக்கங்க."

கிரேன்காரர் அண்ணாந்து பார்த்தார். கிரேனில் இரும்புக் கட்டு தொங்கியது. அதன் அடியில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கருவியைத் தானே வாங்கி, அடிவயிற்றிலிருந்து ஊதினார். சிவப்பு எரிந்தது.

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். சாலையில் வேறு யாருமில்லை. விறுவிறுவென்று நடந்தவர், பக்கத்தில் இரைப்புச் சத்தம் கேட்டதும் நடையைக் குறைத்துக்கொண்டார்.

"மெதுவாவே வா மாப்ள" என்றார் கிரேன்காரர். "இனி நமக்கு என்ன அவசரம்."